சட்டைப்பைக்குள் பத்து நாள், ஞாயிறு நீங்கலாக

அரசியல் அறிவியல் கற்பிக்க அண்மையில் வந்து சேர்ந்திருக்கும் இளைய நண்பர்களுக்கு,

இதை எழுதிவைப்பது என் விருப்பத்தால் அன்று, கட்டாயத்தால். சென்ற மாதம் ஒரு விழாவின் பொருட்டு புனேயில் உள்ள நம் கல்லூரிக்கு வந்திருந்தேன். ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தபோது, என்னை இன்னார் என்று அறியாத ஓர் இளம் விரிவுரையாளர் என்னிடமே என் கதையைச் சொன்னார். "முன்னாடி இங்க ஒரு பாலிடிக்ஸ் சார் இருந்தாராம். தீபாவளி லீவுல, ஆளே இல்லாத ஹால்ல, ஒரு பூனையை உட்கார வெச்சு மீட்டிங் நடத்தினாராம்." நான் தேநீரை முடித்துவிட்டு, "பூனை இல்லை; வாயிற்காவலர் பவார் இருந்தார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

பூனை நுழைந்துவிட்ட கதையில் அடுத்த ஆண்டு யானை நுழையும். இதனிடையே, ஆசிரியர் பேரவையின் விதிகளைத் திருத்தி எழுத ஒரு குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும் அறிந்தேன். அவ்விதிகளை எழுதியவன் நான். அவற்றில் இருந்த குற்றங்களை வேறு எவரும் எழுதுமுன் நானே எழுதிவிடுவது முறை. அமெரிக்க அதிபர் பதவி எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு வளர்ந்தது என்னும் பாடத்தை இருபத்தொன்பது ஆண்டுகள் கற்பித்தேன். அப்பாடம் எனக்கு உண்மையில் விளங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்.

விதிகள் பிறந்த கதை சுருக்கமானது. தர மதிப்பீட்டுக் குழு ஒன்று கல்லூரிக்கு வரவிருந்தது. "ஆசிரியர் பேரவைக்கு எழுத்து வடிவில் விதிகள் உண்டா?" என்பது அவர்களுடைய கேள்வித்தாளில் ஓர் இனம். நம்மிடம் பேரவை இருந்தது, விதிகள் இல்லை. முதல்வர் என்னை அழைத்து, மூன்று நாள் தந்தார். மூன்று நாளில் ஒருவன் புதிதாக என்ன எழுத முடியும்? என் மேசைமேல் இருந்தவை அமெரிக்க அரசமைப்பு பற்றிய பாடக்குறிப்புகள். அவற்றில் 'மாநிலம்' என்று இருந்த இடங்களில் 'துறை' என்று போட்டேன். நாடாளுமன்றம் இருந்த இடத்தில் 'பேரவை' என்றும், அதிபர் இருந்த இடத்தில் 'தலைவர்' என்றும் மாற்றினேன். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் வேலை முடிந்தது. எஞ்சிய நேரத்தில் எழுத்துப்பிழை பார்த்தேன்.

அங்கே சிறிய மாநிலத்துக்கும் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் மூவருக்குக் குறையாமல் உண்டு. ஆதலால் இங்கும் சிறிய துறைக்கு மூன்று வாக்கு. நூலகத் துறையில் இருந்தவர் ஒருவரே. அவர் கையில் மூன்று வாக்கு. முதல் தேர்தலில் அவர் மூன்று முறை கையுயர்த்தினார். கூடுதல் ஆசிரியர்களின் ஆதரவு பெற்றவர் தோற்றார். குறைந்த ஆதரவு பெற்றவர் வென்றார். அமெரிக்காவிலும் இது நிகழ்ந்திருக்கிறது என்று நான் விளக்கினேன். தோற்ற வேதியியல் ஆசிரியை, "அமெரிக்காவில் நடந்தால் அது இங்கேயும் நடக்க வேண்டுமா?" என்று இந்தியில் கேட்டார்.

தர மதிப்பீட்டுக் குழு மகிழ்ந்தது. அதன்பின் விதிகளை எவரும் படிக்கவில்லை. பேரவைத் தலைவராக வந்தவர்கள் பிரிவுபசார விழாவில் கேக் வெட்டினார்கள். புதியவர்களுக்குப் பூங்கொத்து தந்தார்கள். பதவி அவ்வளவே.

என் பணியின் தொடக்கத்தில் துறைத்தலைவராக இருந்த பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார்: "விதி எழுதும்போது, உமக்குப் பிடிக்காத ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதும்." அதை நான் மறந்தேன். அமெரிக்க அரசமைப்பை வகுத்தவர்களோ இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள் என்பது பலர் கருத்து. முதல் அதிபராகப் போகிறவர் இவரே என்று அனைவரும் நம்பிய மனிதர், வகுப்பவர்களின் கூட்டத்துக்கே தலைமை ஏற்று அவர்கள் கண்முன் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் கொண்ட நம்பிக்கையில், 'நிர்வாக அதிகாரம் அதிபரிடம் இருக்கும்' என்று ஒரே வரியில் எழுதி, அதற்கு எல்லை எது என்று விரித்துரைக்காமல் விட்டார்கள். அவர் இரண்டு முறை பதவி வகித்து வீட்டுக்குப் போனார். பின்வந்தோர் அதை வழக்கமாகக் கொண்டார்கள். நூற்றைம்பது ஆண்டு கடந்தபின் ஒருவர் நான்கு முறை வென்ற பிறகுதான், இரண்டுக்கு மேல் கூடாது என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றிற்று. அந்த ஒற்றை வரியையும் நான் அப்படியே நம் விதிகளில் எழுதினேன்.

இப்போது இருதயராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயற்பியல் துறைத்தலைவர். குடும்பம் நான்கு தலைமுறையாகப் புனே கண்டோன்மென்டில் இருப்பது. வீட்டில் தமிழ், ஆனால் அத்தமிழில் ஒவ்வொரு வாக்கியமும் இந்தியில் தொடங்கி மராட்டியில் முடியும். நல்ல மனிதர். அவர் தலைவரானதும், முன்னிருந்த எவரும் செய்யாத ஒரு செயலைச் செய்தார்: விதிகளைப் படித்தார்.

மறுநாள் ஆசிரியர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'தலைவரின் ஆணை எண் ஒன்று: மின்விசிறியின் வேகத்தை இனி மூன்றுக்கு மேல் வைக்கலாகாது.' நான் அவரிடம் சென்றேன்.

"இப்படி ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் விதிகளில் எங்கே இருக்கிறது?"

"கூடாதுன்னு எங்க இருக்கு சார்?"

"இருதயராஜ், அது வாதம் ஆகாது."

"அரே, நீங்கதானே க்ளாஸ்ல சொல்றீங்க? எங்க வீட்டுப் பையன் உங்க ஸ்டூடன்ட். ஆர்டர் போடலாம்னு அமெரிக்கன் கான்ஸ்டிட்யூஷன்ல ஒரு வார்த்தை கிடையாது, போட்டுப் போட்டு அது பழக்கமாச்சுன்னு நோட்ஸ்ல எழுதியிருக்கான். மார்க்ஸும் குடுத்திருக்கீங்க."

பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தேன். மின்விசிறி மூன்றிலேயே சுற்றியது. ஆணை எண் நான்கு வந்தபோது எங்களில் எவரும் கதவைப் பார்ப்பதில்லை, பார்க்காமலே பணிந்துவந்தோம். பதவி வளர்வது இவ்வாறுதான். எழுதப்பட்ட வரியிலிருந்து அன்று. எதிர்க்கச் சோம்பலுற்றவர்களின் பழக்கத்திலிருந்து.

இவை விளையாட்டு. விளையாட்டு அல்லாத ஒன்று அக்டோபரில் வந்தது.

கல்லூரியின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் பாக்கியம் என்னும் அம்மையார் இருபது ஆண்டுகளாகச் சிற்றுண்டிச்சாலை நடத்திவந்தார். நான் ஒருவனே அதைச் சிற்றுண்டிச்சாலை என்றேன், மற்றவர்களுக்குக் கேன்டீன். கசார்வாடியிலிருந்து காலை ஆறரைக்குப் பேருந்தேறி வருவார். கணவர் அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக் கைவிரல் இரண்டை இழந்தவர். குடும்பம் இந்த அடுப்பை நம்பியிருந்தது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையினர் பேரவைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அறையில் தானியங்கித் தேநீர் இயந்திரம் வைக்க ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. பாக்கியமே தொடர வேண்டும் என்று ஆசிரியர் பேரவை கருதினால், அதற்கான தீர்மானம் தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாளில் நடைமுறையில் இருக்க வேண்டும். இல்லையேல் இயந்திரம் வரும். கடிதத்தின் சாரம் இது.

அன்று பிற்பகல் பாக்கியம் என் மேசைக்கு வந்தார். "சார், இந்த எடம் போச்சுன்னா நான் எங்க போய் அடுப்பு வெக்கிறது? எங்க தெருவுல ஏற்கெனவே நாலு வடாபாவ் வண்டி நிக்குது."

"பேரவை தங்கள் பக்கமே இருக்கும்" என்றேன். எனக்கு அதில் ஐயமே இல்லை. அதுதான் என் தவறு.

திங்களன்று பேரவை கூடியது. முப்பது உறுப்பினர்கள். ஆதரவாகப் பத்தொன்பது, எதிராகப் பதினொன்று. தீர்மானம் நிறைவேறியது, செயலர் என்னும் முறையில் நான் அதைத் தலைவரிடம் கையொப்பத்துக்குக் கொடுத்தேன். இருதயராஜ் அதை நான்காக மடித்தார். சட்டைப்பையில் வைத்தார். மேலே ஒருமுறை தட்டிக்கொண்டார்.

"பார்க்கிறேன் சார்."

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழனன்று நான் வாய்விட்டே கேட்டேன்.

"கையொப்பம் இடுவதில் தடை என்ன?"

"தடை ஒண்ணுமில்ல. சைன் பண்ண மாட்டேன்னும் நான் சொல்லலியே."

"மறுப்பதானால் காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள். பேரவை மறுபடி வாக்கெடுக்கும்."

"அதுவும் சொல்லலியே சார்" என்றபடி, பாக்கியம் அனுப்பிய இரண்டாம் வடையைச் சட்டினியில் தோய்த்தார்.

அப்போதுதான் எனக்கு விதி பதினொன்று நினைவுக்கு வந்தது. நீங்கள் வகுப்பில் சொல்லவேண்டியதுதான், ஆயினும் சொல்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்ட வரைவில் அதிபர் பத்து நாளுக்குள் கையொப்பமிடலாம். அல்லது காரணம் எழுதி மறுத்துத் திருப்பலாம். திருப்பினால், மூன்றில் இரு பங்கினர் சேர்ந்து மறுப்பை வெல்லலாம். பத்து நாளில் ஞாயிறு சேராது. இரண்டும் செய்யாமல் பத்து நாள் கடந்தால், கையொப்பம் இல்லாமலே அது சட்டமாகிவிடும். ஆனால் அதற்குள் அவை ஒத்திவைக்கப்பட்டுக் கலைந்துபோனால், திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. வரைவு அதிபரின் சட்டைப்பையிலேயே இறந்துபோகும். வெளிப்படையான மறுப்பிலாவது பெயரும் காரணமும் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. கொன்றவர் யார் என்றே தெரியாது. தொடக்க கால அதிபர்கள் அரசமைப்புக்கு முரண் என்று கண்டால் மட்டுமே பெரும்பாலும் மறுத்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் காரணமே என்று ஏழாமவர் வழி திறந்தார். அதன்பின் வந்தவர்களுக்குப் பேனாவும் சட்டைப்பையும் இரண்டுமே கருவிகளாயின.

இதையெல்லாம் நான் ஞாயிறு உட்பட வரிக்கு வரி நம் விதிகளில் எழுதியிருந்தேன். பத்தாம் நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தீபாவளி விடுமுறையோ இந்தச் சனிக்கிழமை மாலை தொடங்குகிறது. ஒவ்வோராண்டும் கடைசி நாளன்று, 'விடுமுறை முடியும்வரை அவை ஒத்திவைக்கப்படுகிறது' என்று நானே முன்மொழிவேன்; அனைவரும் பையைத் தூக்கிக்கொண்டே கையைத் தூக்குவார்கள். இம்முறை அவர்கள் கையைத் தூக்கினால், பாக்கியத்தின் தீர்மானம் இறந்துவிடும்.

ஏன் இருதயராஜ் இப்படிச் செய்கிறார் என்பதும் அன்றே தெரிந்தது. இயந்திரத்துக்கு ஆதரவு தருவதாக முதல்வரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மதிப்பீட்டுக் குழுவுக்கு இயந்திரம் அழகாகத் தெரியும் என்பது முதல்வரின் நம்பிக்கை. மறுத்து எழுதினால் பாக்கியத்தின் பிழைப்பைக் கெடுத்தவர் என்று தம் பெயர் குறிப்பேட்டில் ஏறும். ஏறாமல் காரியம் முடிய, சட்டைப்பை.

சனிக்கிழமைக் கூட்டம் பன்னிரண்டு நிமிடம் நடந்தது. வேதியியல் ஆசிரியைக்குச் சாத்தாரா பேருந்து. மற்றவர்களுக்கு அவரவர் ஊர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"இந்த அவை வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மீண்டும் கூடும்."

முதலில் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. "சார், செவ்வாய் லட்சுமி பூஜை!" என்றார் வேதியியல் ஆசிரியை.

"அறிவேன்."

"யாரும் வர முடியாது!"

"வர வேண்டாம். வராமல் இருந்தால் போதும்."

ஒத்திவைக்கும் தீர்மானம் இன்றி மூன்று நாளுக்கு மேல் அவை கூடாமல் இருக்கலாகாது என்று அங்கே ஒரு நெறி உண்டு. அதையும் நான் இங்கே எழுதியிருந்தேன். அவர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை யாராவது ஓர் உறுப்பினர் வெற்று அவைக்கு வந்து, சுத்தியலைத் தட்டித் தொடங்கி, சில நொடியில் மறுபடி தட்டி முடித்துவிட்டுப் போவார். பெயருக்கு ஓர் அமர்வு. ஆனால் அவை கலைந்தது என்று எவரும் சொல்ல முடியாது. இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாங்வியில் உள்ள என் வீட்டிலிருந்து புறப்பட்டேன். என் மனைவி வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"லட்சுமி பூஜை அன்னிக்கு, ஈ காக்கா இல்லாத ஹாலுக்கு, ரெண்டு பஸ் மாறிப் போறீங்களா?"

"அவை கூடுகிறது."

"யார் கூடுறா?"

"நான்."

அவர் என் தோளிலிருந்த நூலைத் தட்டிவிட்டார். அதில் இருந்த இரக்கம் எனக்கு விளங்காமல் இல்லை.

காவலர் பவார் மண்டபத்தைத் திறந்துவிட்டார். சுத்தியல் இல்லை; கரும்பலகைத் துடைப்பானின் கட்டைப் பக்கத்தால் மேசையைத் தட்டினேன். அவை கூடியது என்றேன். மறுபடி தட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மீண்டும் கூடும் என்றேன். குறிப்பேட்டில் எழுதினேன். முப்பத்தைந்து நொடி. பவார் கதவருகே நின்று பார்த்திருந்து, "பிரசாதம் இல்லையா சார்?" என்று இந்தியில் கேட்டார். இது வேறு வகைப் பூசை என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று மாலை இருதயராஜ் தொலைபேசியில் வந்தார்.

"சார், பவார் சொன்னான். அது மீட்டிங்கா? கோரம் எங்க சார் கோரம்? முப்பது பேர்ல பதினாறு வேணும்."

"போதிய உறுப்பினர் இல்லை என்று யாராவது எழுந்து சொல்லாதவரை, இருக்கிறார்கள் என்றே கொள்ளப்படும். விதி பன்னிரண்டு. அமெரிக்காவிலும் அதுவே வழக்கம்."

"சரி, நான் வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன். கோரம் நஹீ ஹை. பஸ், அவ்வளவுதான்."

"உறுப்பினர்தான் சொல்லலாம். தாங்கள் உறுப்பினர் அல்லர், தலைவர். நிர்வாகமும் அவையும் வேறு வேறு. அங்கேயும் அதிபர் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் அல்லர். விருந்தினராகத்தான் போய் உரையாற்றுவார்."

தொலைபேசியில் அவர் பக்கம் பட்டாசு வெடித்தது.

"இதையும் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆம்."

"காய் மாணூஸ் ஆஹே" என்றார். என்ன மனிதரய்யா என்று பொருள். இணைப்பைத் துண்டித்தார்.

அன்றிரவு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. என் ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அவை கூடியிருப்பதால் தீர்மானம் சட்டைப்பையில் இறவாது, மெய். ஆனால் அவை கூடியிருப்பதால், அவர் மறுப்பை எழுதி என் கையில் கொடுக்கவும் முடியும். கொடுத்தால் அது செல்லும். வெல்ல இருபது வாக்கு வேண்டும், பத்தொன்பதே உண்டு. நான் பூட்டியது பின்வாசலை மட்டுமே, முன்வாசல் திறந்திருந்தது. முன்வாசல் வழியே தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வர இருதயராஜ் கூசுவார் என்பது மட்டுமே என் நம்பிக்கை. ஓர் அம்மையாரின் அடுப்பை அந்தக் கூச்சத்தின்மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு மண்டபத்தை அடைந்தேன். இம்முறை முப்பத்தைந்து நொடியில் முடிக்க இயலாது. பத்தாம் நாள் ஐந்து மணிக்குத்தான் முடிகிறது. ஐந்துவரை அவை திறந்திருந்தாக வேண்டும். நாலுக்குத் துடைப்பானைத் தட்டினேன். பவார் பின்வரிசைப் பலகையில் அமர்ந்தார். அவ்வேளையில் பாக்கியம் ஒரு பழைய செய்தித்தாள் கட்டோடு வந்தார். பாத்திரங்களை எடுத்துப்போக வந்திருந்தார். மாடிப்படி அறையில் விளக்கு எரியாததால், அவற்றை மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றத் தொடங்கினார்.

"இன்னும் முடிவாகவில்லையே, அம்மா" என்றேன்.

"முடிவாகிட்ட அன்னிக்கு வந்தா, மெஷின்காரன் தூக்கி வெளிய வெச்சிருப்பான் சார். நானே எடுத்துட்டா என் பாத்திரம் நசுங்காது."

நாலு இருபதுக்கு வாயிலில் ஸ்கூட்டர் ஓசை கேட்டது. பவார் எழுந்து சாளரம் வழியே பார்த்தார். என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, இந்தியில், "இருதயராஜ் சார். வாயிலைத் திறக்கவில்லை. சாவி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடட்டுமா? நாற்பது நிமிடம்தானே?" என்றார். அவர் கையில் சாவி இருந்தது. அவருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது.

இளைய நண்பர்களே, என் வாழ்வின் நேர்மை முழுவதும் ஐந்து நொடி தராசில் நின்றது. பாக்கியம் குனிந்து இட்லித் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாவி கிடைக்கவில்லை என்றால் தீர்மானம் வென்றுவிடும். எவரும் அறியார். ஆனால் இருதயராஜ் யாருக்கும் தெரியாமல் கொல்லப் பார்த்தார் என்பதுதானே பத்து நாளாக என் குற்றச்சாட்டு? யாருக்கும் தெரியாமல் நான் காப்பாற்றினால், சட்டைப்பை மாறியதேயன்றி வேறென்ன?

"திறந்துவிடுங்கள்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இருதயராஜ் தலைக்கவசத்தைக் கையில் ஏந்தி வந்தார். சட்டைப்பையில் ஓர் உறை துருத்திக்கொண்டிருந்தது. பாக்கியத்தைக் கண்டதும் நின்றார்.

"இவங்க எதுக்கு…"

"பாத்திரம் எடுக்க வந்தேன் சார்."

அவர் என்னிடம் திரும்பினார். "எழுதிட்டேன் சார். காரணத்தோட. ரெண்டு பக்கம்."

"நன்று. கொடுங்கள். அவையில் உரக்கப் படித்துக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்."

"இப்பவேவா?"

"இப்போதே."

"இவங்க முன்னாடியா?"

"பார்வையாளர்கள் இருக்கலாம்."

"நான் வேணா வெளிய நிக்கிறேன் சார்" என்று பாக்கியம் எழுந்தார்.

"இருங்க பாக்கியம்மா, இருங்க" என்றார் இருதயராஜ். உறையை எடுத்தார். கொடுக்கவில்லை. முதல் வரிசைப் பலகையில் உட்கார்ந்தார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார்" என்றார் பாக்கியம், ஒரு கரண்டியைச் சுற்றியபடி. "மெஷின் சுத்தமா இருக்குமாம். கை படாதாம். சக்கரை போடாம டீ வரும்ல சார் உங்களுக்கு?"

"அதுக்குத் தனி பட்டன் இருக்கு."

"அப்ப சரி." இன்னொரு கரண்டி. "வடைக்குப் பட்டன் இருக்கா சார்?"

பவார் பின்பலகையில் இருமினார். இருதயராஜ் சிரிக்காமல் இருக்க முயன்று, தோற்று, சிரித்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார்" என்றார் என்னிடம், "பிரின்சிபால் கிட்ட ஜுபான் குடுத்துட்டேன், வாக்கு குடுத்துட்டேன். சைன் போட்டா நான் அவர்கிட்டப் பொய்யன். இதை உங்ககிட்டக் குடுத்தா…" பாத்திரங்களைப் பார்த்தார். "என்ன பண்றது சார்?"

என்னிடம் ஒரு வாக்கியம் ஆயத்தமாக இருந்தது. பத்து நாள் செதுக்கிய வாக்கியம், தூய தமிழ், மூன்று உட்பிரிவுகள், கடைசியில் 'கோழைமை' என்ற சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் உறையை என் கையில் திணித்துவிட்டு எழுந்துபோயிருப்பார். ஐயமில்லை. மனிதன் வெட்கத்தைவிடச் சினத்தில் எளிதாகக் கையொப்பமிடுவான். அந்த வாக்கியத்தை விழுங்கினேன். அப்போது மணி நாலு நாற்பத்திரண்டு.

"மூன்றாவது வழி ஒன்று உண்டு" என்றேன். "விதி பதினொன்றின் முதற்பகுதி. அவை கூடியிருக்கும்போதே, கையொப்பமும் இடாமல், திருப்பியும் தராமல், பத்தாம் நாள் கடந்துவிட்டால் தீர்மானம் தானே நடைமுறைக்கு வரும். தாங்கள் இசைந்ததாகவும் ஆகாது, தடுத்ததாகவும் ஆகாது."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்க வேண்டும்."

"சும்மான்னா?"

"பதினெட்டு நிமிடம்."

"அதுவும் பிரசிடென்ட் வேலையா?"

"அங்கே அதிபர்கள் பலமுறை செய்திருக்கிறார்கள். பிடிக்காத சட்டத்தைத் தடுக்கவும் மனம் வராதபோது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்."

இருதயராஜ் உறையை மடியில் வைத்து, அதன்மேல் தலைக்கவசத்தை வைத்து, கையைக் கட்டிக்கொண்டார். ஆணை மேல் ஆணையாகக் கதவில் ஒட்டிய மனிதருக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று கண்டேன். காலை ஆட்டினார். மின்விசிறியைப் பார்த்தார். இருமுறை உறையின் மூலையைத் தொட்டார். இருமுறையும் பவார் முன்னே சாய்ந்தார். பாக்கியம் சுற்றுவதை நிறுத்திவிட்டு, கொண்டுவந்திருந்த குடுவையிலிருந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். இருதயராஜுக்குச் சர்க்கரையற்ற தேநீர் தனிக்குடுவையில் இருந்தது. இருதயராஜ் வருவார் என்று பாக்கியத்துக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குத் தட்டினேன். "தீர்மானம் தலைவரின் கையொப்பமின்றி நடைமுறைக்கு வந்தது" என்று உரக்கச் சொல்லி எழுதினேன்.

"பிரின்சிபால் கேட்டா, நான் சைன் போடலைன்னு சொல்லலாம்ல?" என்றார் இருதயராஜ்.

"சொல்லலாம். முழு உண்மை."

அவர் போனபின் பாக்கியம் பாத்திரக் கட்டைப் பார்த்தார். பிறகு, "பவார் பாவு, இதைக் கொஞ்சம் தூக்குங்க" என்று அவரை மராட்டியில் அண்ணனாக அழைத்துச் சொல்லி, இருவருமாகக் கட்டைப் பிரிக்காமலே மாடிப்படி அறைக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். கல்லூரி திறந்த நாளன்று வடை கிடைத்தது. இயந்திரமும் வந்தது, முதல்வர் அறை வாசலில் நின்றது. அதில் தேநீர் குடிக்கும் முதல்வரை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறை அவர் கையில் பாக்கியத்தின் எஃகுக் குவளை இருந்தது.

இதில் உங்களுக்கு ஆகக்கூடியது என்னவென்றால், விதியால் ஒருவரை மடக்கும்போது அவர் வெளியேற ஒரு வாசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாசலை வகுத்தவர்கள் என்னைவிட அறிவாளிகள். நான் படியெடுத்தவன் மட்டுமே. விதிகளைத் திருத்தும் குழுவினர் தேர்வாளர் முறையைத் தாராளமாக நீக்குக. அந்நாளைய நூலகர்கூட மகிழ்வார். விதி பதினொன்றை மட்டும் இருமுறை படித்தபின் கை வைக்கட்டும்.

நினைவிலிருந்து எழுதியதில் பிழைகள் இருக்கும். வாக்கு பத்தொன்பதுக்குப் பதினொன்று என்றே கருதுகிறேன். வேதியியல் ஆசிரியை பதினெட்டு என்கிறார். இருதயராஜின் உறையில் இரண்டு பக்கம் இருந்ததா, வெற்றுத்தாள் இருந்ததா என்பதை நான் இன்றுவரை அறியேன். அவர் இருக்கிறார், கேட்டறியுங்கள். அமெரிக்க நடைமுறை பற்றி நான் சொன்னவற்றிலும் வழு கண்டால், எவ்விடத்தில் எது பிழை, சரியானது எது என்று முழு வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டுவதைத் திருத்தமாக நான் ஏற்பதில்லை.